ஆவணியில் அடித்த சுண்ணாம்பு

என் வயதுக்காரிகளே, ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல்லுங்கள். அடுத்தவள் வீட்டுச் சுவரைப் பார்த்து உங்களுக்கு வயிறு எரிந்ததுண்டா? நகையைப் பார்த்து எரிந்திருக்கும், புடவையைப் பார்த்து எரிந்திருக்கும். அதெல்லாம் பெட்டிக்குள் போய்விடும், நாமும் மறந்துவிடுவோம். சுவர் எங்கே போகும்? நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்கு எரிந்தது. இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் மனிதர்களைப் பார்ப்பதற்கு முன்னால் நான் சுவரைத்தான் பார்க்கிறேன். போன மாதம் என் சின்னம்மாவின் இளைய மகளுக்கு உடம்பு சரியில்லை என்று மாம்பலத்துக்குப் பார்க்கப் போனேன். அவள் கட்டிலில் கிடக்கிறாள், நான் அவள் தலைக்கு மேலே பார்க்கிறேன். ரோஜா நிறம் அடித்திருக்கிறார்கள். அழகாகத்தான் இருந்தது. அழகாக இருக்கிறது என்று என் வாயால் நான் சொல்லவில்லை.

இந்த எரிச்சலுக்கு என்னைவிடப் பத்து வயதுதான் குறைவு. நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்ச நாள். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். மெல்ல வருவேன், நீங்களும் மெல்ல வாருங்கள்.

மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. ஓட்டு வீடு. ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் கிணற்றடி. நைனா, அதாவது எங்கள் அப்பா, லஸ்ஸில் ஒரு வக்கீல் ஐயாவுக்கு மோட்டார் ஓட்டினார். காக்கி உடுப்பும் பித்தளைப் பொத்தானுமாக அவர் சந்துக்குள் நடந்து வந்தால் நாய்கூட ஒதுங்கும். வீட்டில் அம்மா, எனக்கு ஆறேழு வயது மூத்த அக்கா, நான். எங்கள் சுவர் வெறும் சுண்ணாம்புச் சுவர். பொங்கலுக்குப் பொங்கல் அடிப்போம். ஆனி ஆடிக்குள் அது உதிர ஆரம்பித்துவிடும். கையை வைத்தால் கையில் ஒட்டும், சாய்ந்தால் முதுகில் ஒட்டும். எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. ஆகவே அது ஒரு குறை என்று யாருக்கும் தெரியாது.

அந்த ஆடியில் ராயப்பேட்டைப் பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். வக்கீல் ஐயாவின் வண்டியை ரிப்பேர் பார்க்கும் ஒர்க் ஷாப்பில் வேலை செய்கிறவன். வண்டி தயார் என்று நைனாவிடம் சொல்ல வந்தவனை உட்காரவைத்து அம்மா மோர் கொடுத்தாள். அவன் சுவரில் சாய்ந்து குடித்தான். எழுந்து போகும்போது முதுகு முழுக்க வெள்ளை. கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சந்து முனையில் அவன் திரும்பிப் பார்த்தான். எதற்குச் சிரிக்கிறாள் என்று புரியாமலே அவனும் சிரித்தான். பிறகு கொஞ்ச நாளில் அவன் அம்மா நைனாவிடம் சொல்லி அனுப்பினார்கள்: "புரட்டாசி கழியட்டும், வந்து பொண்ணைப் பாக்கறோம்." அவ்வளவுதான் பேச்சு. பூ வைக்கவில்லை, தட்டு மாற்றவில்லை. ஆனால் அக்கா அன்றிலிருந்து தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தனக்குத் தானே சிரிப்பாள்.

சின்னம்மா என்பது நைனாவின் தம்பி பெண்டாட்டி. சித்தப்பா மாம்பலத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் மேஸ்திரி. ஏரியைத் தூர்த்துத் தெருத்தெருவாகப் புது வீடு கட்டிக்கொண்டிருந்த காலம் அது. காண்ட்ராக்டர் தன் காம்பவுண்டுக்குள்ளேயே அவர்களுக்கு ஒரு சின்ன வீடு ஒதுக்கிக் கொடுத்திருந்தார். ஆவணியில், அவர்கள் இளைய மகள், என் வயதுக்காரியான சின்னவளுக்கு, தள்ளித் தள்ளிப் போன காது குத்து என்று அழைப்பு வந்தது. தேனாம்பேட்டைத் தோட்டங்களுக்கு நடுவே நடந்தே போனோம்.

உள்ளே நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். இடுப்பு உயரத்துக்குச் சுவர் பச்சை. பணக்காரர் வீட்டு ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டு. பாசிப் பச்சை இல்லை, கிளிப் பச்சை இல்லை, வாழைக்குருத்து விரிந்து கொஞ்ச நாள் ஆன பச்சை. அதற்கு மேலே விரல் அகலத்துக்கு ஒரு அரக்குக் கோடு. கோட்டுக்கு மேலே பால் வெள்ளை. பூக்கல், அதாவது பூப்போட்ட தரைக்கல், அதன் உடைந்த துண்டுகளைத் தரையில் பதித்து நட்சத்திரம் செய்திருந்தார்கள். ஜன்னலில் ஒரு கண்ணாடி மட்டும் சிவப்பு. வெயில் அதன் வழியாக விழுந்து தரையில் ஒரு சிவப்புச் சதுரம். அந்தச் சதுரத்துக்குள் சின்னவள் போய் நின்றுகொண்டு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் சுவரைத் தொட்டேன். வழவழவென்று இருந்தது.

"கைய எடு. செவுத்துல வெக்காத, அழுக்காயிடும்" என்றாள் சின்னவள்.

என் கையை நான் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் எடுத்துவிட்டேன். எடுத்ததுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

அதைவிடப் பெரியது அம்மாவுக்கு வந்தது. புறப்படும் அவசரத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் எங்கேயோ உரசியிருக்கிறாள். கூடத்தில் அத்தனை பெண்கள் உட்கார்ந்திருக்கும்போது சின்னம்மா சொன்னாள்:

"இன்னாக்கா, முதுகெல்லாம் வெள்ளையா கீது? ஊட்லர்ந்தே சுண்ணாம்பு எடுத்துக்கினு வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். சின்னம்மாவே வந்து அம்மாவின் முதுகைத் தட்டிவிட்டாள். தட்டிக்கொண்டே, "பயப்படாம சாஞ்சிக்கோக்கா. எங்க செவுரு ஒட்டாது" என்றாள்.

அம்மா சாயவில்லை. காது குத்தி, சாப்பாடு முடிந்து, வெற்றிலை போடும் வரைக்கும் கம்பு மாதிரி நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து விளக்கு வைத்ததும் அம்மா நைனாவிடம், "நாளைக்கு கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கியா" என்றாள்.

"ஆவணியில இன்னா சுண்ணாம்பு? பொங்கலுக்கு அடிச்சிக்கலாமே."

"பொங்கல் வரிக்கும் நான் வெள்ள முதுகோட திரியணுமா?"

நைனா மறுநாளே போனார். பட்டினப்பாக்கம் பக்கத்துக் காளவாயில் சுட்ட சுண்ணாம்பு கூடையில் வந்து இறங்கியது.

நாங்கள் வீட்டைப் புதுசாக்கிய அந்த நாட்களைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனமில்லை. தாழியில் தண்ணீர் ஊற்றினதும் சுண்ணாம்பு கொதித்தது, பெருமூச்சு விட்டது, ஓரத்தில் குமிழ் குமிழாக வெடித்தது. கிட்டே போகாதே என்று அக்கா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். அதன் வாசனை இருக்கிறதே, மழைக்கு முன்னால் வருகிற வாசனையும் வெந்த முட்டை வாசனையும் கலந்தது. ஒட்டாமல் இருப்பதற்காக அம்மா அதில் சோற்றுக் கஞ்சி ஊற்றினாள், வச்சிரப் பசை காய்ச்சி ஊற்றினாள், கொஞ்சம் நீலமும் போட்டாள். தாழம் விழுதைத் தட்டி நாராக்கிய மட்டையால் அவளே அடித்தாள்.

பச்சைதான் அகப்படவில்லை. பெயிண்டு வாங்க எங்களுக்கு வழி ஏது? அம்மா அவரை இலையைக் கூடை கூடையாகப் பறித்து, அம்மியில் அரைத்து, சாறு பிழிந்து சுண்ணாம்பில் கலக்கினாள். அடித்தவுடன் பார்க்கவேண்டும், சின்னம்மா வீட்டுப் பச்சை தோற்றுப் போகும். நான் சந்து முழுக்க ஓடி எல்லோரையும் கூப்பிட்டு வந்து காட்டினேன். மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் சுவர் சாணி நிறத்தில் இருக்கிறது. அம்மா தேங்காய்ச் சிரட்டையால் எல்லாவற்றையும் சுரண்டினாள். குளத்தங்கரைக் கடையில் காவிக்கல் சுலபமாகக் கிடைக்கும். அதை வாங்கிக் கரைத்து, இடுப்பு உயரத்துக்குப் பச்சைக்குப் பதில் காவி அடித்தாள். கோடு கொஞ்சம் கோணல். பரவாயில்லை, எங்களுக்கும் ஒரு கோடு வந்தது.

மற்றதெல்லாம் அக்கா கை வேலை. நைனாவின் கிழிந்த காக்கிக் கால்சட்டையைப் பிரித்து, அதன் பைகளையே வரிசையாகத் தைத்துச் சுவரில் மாட்டினாள். ஒன்றில் சீப்பு, ஒன்றில் விசிறி, ஒன்றில் தீப்பெட்டி. பித்தளைப் பொத்தான்களைப் புளி போட்டுத் தேய்த்து அப்படியே விட்டிருந்தாள். அம்மாவின் பழைய புடவை சமையல்கட்டு வாசலுக்குத் திரையானது. மண்ணெண்ணெய் டின்னை நீளவாக்கில் வெட்டிக் காவி பூசித் துளசி வைத்தோம். துணிக்கடை மூட்டைகள் மேல் ஒட்டி வருமே பளபளவென்று படச் சீட்டு, சாமியும் யானையும் தங்க ஓரமும் போட்டு? அதைச் சேர்த்துச் சேர்த்து ஒரு பலகையில் ஒட்டினோம். இப்போது அந்தச் சீட்டு ஒன்றுகூட எங்கும் காணோம்.

எல்லாவற்றுக்கும் மேலே வளையல் தோரணம். உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளை விளக்குச் சுடரில் காட்டினால் மெழுகாய் வளையும். வளையும்போதே அடுத்த துண்டைக் கோத்து முனையைச் சேர்த்துவிடவேண்டும். பச்சை, சிவப்பு, கருநீலம் என்று சங்கிலி சங்கிலியாய் வாசலில் தொங்கவிட்டோம். காற்று வந்தால் அது ஒரு சத்தம் போடும், எனக்கு எழுதத் தெரியாத சத்தம். இந்த மாதிரி சின்னவள் வீட்டில் இல்லை என்று நினைத்து நினைத்து நான் அதன் கீழேயே உட்கார்ந்திருந்தேன். அவள் வந்து பார்க்கவேண்டும், தொடவேண்டும், "கைய எடு" என்று நான் சொல்லவேண்டும். அவள் வரவேயில்லை.

அம்மாவுக்கும் அதே வியாதிதான். உள்ளே அடித்ததை யார் பார்ப்பார்கள்? காவி மிச்சம் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணி கேட்டு வாங்கி, தெருப்பக்கத்துச் சுவரில் வெள்ளையும் காவியுமாகப் பட்டை போட ஆரம்பித்தாள். உங்களுக்குத் தெரியும், கோயில் சுவரும் குளத்துப் படியும் விட்டால் அந்தப் பட்டை எந்த வீட்டில் ஏறும்? பொங்கலும் இல்லாத நாளில் ஒரு வீடு வெள்ளையடித்துக் காவிப் பட்டை கட்டிக்கொண்டு நின்றால் அங்கே கல்யாணம்.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த நைனா சொன்னார்: "பட்டை போட்டா கல்யாண வூடுன்னு சொல்லுவாங்க."

"சொன்னா சொல்லட்டும். சொல்ற வாய் நம்மகிட்ட வெத்தலையா கேக்குது?"

எதிர்வீட்டுப் பூக்காரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "இன்னாமே, ஆவணியிலயே அடிக்கிற, பட்டையெல்லாம் போடற? பொண்ணுக்கு முடிஞ்சிடுச்சா?"

அம்மா ஏணி மேலிருந்தபடியே சிரித்தாள். "எல்லாம் நல்லதுக்குத்தான்."

"பாரேன், சொல்ல மாட்டாளாம்! நாங்க இன்னா கண்ணா வெச்சிடுவோம்?"

அம்மா அதற்கும் சிரித்தாள். வேறு என்ன சொல்வாள்? ஓரகத்தி வீட்டுச் சுவரைப் பார்த்து வயிறு எரிந்தது, அதனால் அடிக்கிறேன் என்று எந்தப் பெண்பிள்ளை ஏணி மேல் நின்று சொல்லுவாள்? நீங்களாவது சொல்லுவீர்களா?

புரட்டாசி போயிற்று. ராயப்பேட்டையிலிருந்து யாரும் வரவில்லை. அக்கா தினமும் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, வளையல் தோரணத்தை ஈரத்துணியால் துடைத்து வைப்பாள். அம்மா நைனாவைக் குடைந்தாள். "ஒர்க் ஷாப்புக்குப் போறியே, ஒரு வார்த்த கேட்டாத்தான் இன்னா?"

"பொண்ணு வூட்டுக்காரன் நானா போய்க் கேக்கிறதா? அந்தப் பையன் என்னப் பாத்தா தலைய வண்டிக்கு அடியில உட்டுக்கிறான். வேணாம்னா வுடு."

ஐப்பசியில் ஒரு நாள் சித்தப்பா வெற்றிலை பாக்கோடு வந்தார். சின்னம்மாவின் பெரியவளுக்குக் கல்யாணம் கூடியிருக்கிறதாம்.

"மாப்பிள்ளை எந்த ஊரு?" என்று நைனா கேட்டார்.

"ராயப்பேட்டைதாண்ணா. மோட்டார் ஒர்க் ஷாப்ல கீறான். அம்மா மட்டுந்தான். நல்ல புள்ள."

சித்தப்பா எழுந்து, "உங்க வூட்டு விசேஷமும் நல்லபடியா நடக்கட்டும் அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது வெளிச்சுவரை ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார்.

"குத்திக் காட்டிட்டுப் போறாரு, பாத்தியா?" என்றாள் அம்மா. "அவ சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கா. நம்ம பொண்ணுக்குப் பேசின எடம்னு தெரிஞ்சே பண்ணியிருக்கா. செவுத்தக் காட்டி மாப்பிள்ளையப் புடிச்சிட்டா!"

அக்கா அப்போது என் தலையை வாரிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் வாரி முடித்தாள். அன்றைக்குச் சீப்பு மட்டும் வலித்தது.

அம்மா சொன்னதை நான் அப்படியே நம்பினேன். பெரியவளிடம் என்ன இருக்கிறது? எங்கள் அக்காவின் நிறம் உண்டா, முடி உண்டா? பச்சைச் சுவர் ஒன்றுதான் உண்டு. அந்தச் சுவரில் கரிக்கட்டையால் கிறுக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு ஒரு துண்டுக் கரியை என் பாவாடை முனையில் முடிந்துகொண்டேன். கல்யாணத்துக்கு நாங்கள் போகாமல் இருக்கமுடியாது. போகாவிட்டால் அழுகிறோம் என்று சின்னம்மாவுக்குத் தெரிந்துவிடும். அம்மா இருப்பதில் நல்ல புடவையைக் கட்டினாள். அக்காவுக்குத் தன் கெம்புத் தோட்டைக் கழற்றிப் போட்டாள்.

சின்னம்மா வீட்டு வாசலில் பந்தல் தென்னங்கீற்றுக்கு மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. தாலி கட்டி முடிந்தது. மாப்பிள்ளை கழுத்து நிறைய மாலையோடு உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அம்மா பெண்கள் பக்கம் வந்தபோது, மாப்பிள்ளையின் அம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தார்கள். வாட்டசாட்டமான, வெள்ளை மனசுக்காரி.

"இன்னாம்மா, உங்க பொண்ணுக்கு எப்போ நாளு? எங்களுக்கு ஒரு வெத்தல பாக்கு வெக்கக் கூடாதா?"

அம்மா விழித்தாள். "யாரு பொண்ணுக்கு?"

"இந்தப் பொண்ணுக்குத்தான். புரட்டாசி கழிஞ்சதுமே நான் உங்க சந்துக்கு வந்தேனே. செவுரு பளிச்சுன்னு, காவிப் பட்டை போட்டுக்கினு நிக்கிது. எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. எதிர்ல பூ கட்டிக்கினு இருந்த அம்மாவைக் கேட்டேன். முடிஞ்சிடுச்சுன்னாங்க. முடிஞ்ச வூட்ல பூந்து இன்னா பேசறது? இவங்க வகையறாவுல வேற பொண்ணு கீதான்னு கேட்டேன். அவங்கதான் மாம்பலத்துக்குப் போன்னு வழி சொன்னாங்க. எம் புள்ள ரெண்டு நாள் சரியா துன்னக்கூட இல்ல, போ." அவர்கள் பெரிதாகச் சிரித்தார்கள்.

பக்கத்திலேயே சின்னம்மா நின்றுகொண்டிருந்தாள். சுற்றிலும் பெண்கள். அம்மா, ஆமாம், தையில் நாள் பார்த்திருக்கிறோம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். எனக்கு அவள் முகம் தெரியும்.

அதற்குள் அக்கா பேசிவிட்டாள். உரக்கக்கூட இல்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற குரலில்.

"எனக்கு ஒண்ணும் முடியல அத்தை. எங்கம்மா சின்னம்மா வூட்டுச் செவுத்தப் பாத்துட்டு வந்து சுண்ணாம்பு அடிச்சாங்க. அவ்ளோதான்."

மாப்பிள்ளையின் அம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார்கள். மாலைக்குள்ளிருந்து அவன் நிமிர்ந்து பார்த்தான். அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் சின்னம்மாவைப் பார்த்தேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், சொந்த மகள் கழுத்தில் தாலி ஏறியபோதுகூட அது வரவில்லை. "எங்க வூட்டுச் செவுத்தப் பாத்தா?" என்றாள், மெதுவாக, வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்ட மாதிரி. அந்த வெளிச்சத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. எத்தனையோ பேரை மன்னித்திருக்கிறேன்.

அக்கா பின்னால் நன்றாகத்தான் வாழ்ந்தாள். சைதாப்பேட்டையில் கொடுத்தோம், நல்ல மனிதர். அதைச் சொல்ல வரவில்லை.

உள்ளே கூடத்தில் பந்தி போட்டார்கள். நைனா, வீட்டுக்குப் போகலாம் என்று கண்ணால் கூப்பிட்டார். அம்மா போகவில்லை. எங்கள் இரண்டு பேரையும் இரண்டு பக்கமும் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தாள். சோறு, சாம்பார், ரசம் எல்லாம் சாப்பிட்டாள், நிதானமாக, ஒன்றையும் ஒதுக்காமல். பாயசத்தை எடுத்துக்கொண்டு சின்னம்மாவே வந்தாள். மற்றவர்களுக்கு ஆள் பரிமாற, எங்கள் வரிசைக்கு மட்டும் அவள்.

"நல்லா சாப்புடுக்கா" என்று அம்மாவின் இலையில் ஒரு கரண்டி ஊற்றினாள். போதும் என்று சொல்வது நம் வழக்கம். அம்மா சொல்லவில்லை. சின்னம்மா இன்னொன்று ஊற்றினாள். அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று. சின்னம்மாவும் அம்மாவைத்தான் பார்த்தாள், இலையைப் பார்க்கவில்லை. பாயசம் சோற்றில் ஏறி, இலை ஓரத்தைத் தாண்டி, பூக்கல் தரையில் வழிந்து என் பாவாடைக்கு வந்தது. இவள் நிறுத்தமாட்டாள், அவள் போதும் என்று சொல்லமாட்டாள். வரிசையில் எல்லோரும் சாப்பிடுவதை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

அக்கா தன் இடது கையை நீட்டி அம்மாவின் இலைக்கு மேலே விரித்துவைத்தாள். கரண்டியில் வந்துகொண்டிருந்தது அவள் புறங்கையில் விழுந்தது. சூடு. கையை அவள் எடுக்கவில்லை.

"போதும் சின்னம்மா" என்றாள்.